கண்ணுக்குத் தெரியும் முன்பே பிடிக்கலாம்: புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கம்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அந்தப் பக்கத்துக் கை பின்னாளில் வீங்குகிறது. பெரும்பாலோருக்கு முதல் இரண்டு, மூன்று வருடங்களுக்குள் வந்துவிடும். அபூர்வமாகச் சிலருக்கு இருபது வருடம் கழித்தும் வரும். நிணநீர் வீக்கம் என்று பெயர். மருத்துவமனையில் லிம்ஃபெடிமா என்பார்கள். வீட்டில் ‘கையில நீர் கோத்துக்கிச்சு’ என்போம்.

‘உயிர் பிழைச்சதே பெரிசு, கை வீங்கினா என்ன’ என்று சொந்தக்காரர்கள் சொல்வதுண்டு. அந்தக் கையால் மாவு பிசைந்து, துணி பிழிந்து, தலை வாரிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முற்றிய பிறகு இந்த வீக்கத்தை முழுதாகப் போக்குவது மிகவும் கடினம். ஆனால் ஆரம்பத்தில், கண்ணால் பார்த்துத் தெரியாத நிலையிலேயே, இதைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு வேண்டிய முதல் கருவி தையல்காரர் கழுத்தில் தொங்கும் அளவு டேப்தான். அது அறுவை சிகிச்சைக்கு முன்னாலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிணநீர் எந்த வழியாகப் போகிறது?

இரத்தம் மெல்லிய தந்துகிகள் வழியாக ஓடும்போது, அதிலிருந்து கொஞ்சம் நீர் கசிந்து தசைக்கும் தோலுக்கும் நடுவே சேரும். இது எப்போதும் நடப்பதுதான். அந்த நீரையும் அதில் கலந்திருக்கும் புரதத்தையும் கழிவுகளையும் வாரிக்கொண்டு போக இரத்தக் குழாய்கள் போலவே இன்னொரு குழாய்த் தொகுதி இருக்கிறது. அந்தக் குழாய்க்குள் போன நீருக்குத்தான் நிணநீர் என்று பெயர். நாளொன்றுக்குச் சில லிட்டர் நிணநீர் இப்படிப் பயணம் செய்து, கழுத்தடியில் இருக்கும் பெரிய சிரைகளில் கலந்து மறுபடி இரத்தமாகிவிடுகிறது.

இந்தக் குழாய்களுக்கு இதயம் போலத் தனியான பம்ப் கிடையாது. குழாயின் சுவரே சுருங்கி விரியும். உள்ளே இருக்கும் வால்வுகள் நீரைப் பின்னால் போகவிடாது. நாம் கையை மடக்கி நீட்டும்போது தசை அழுத்துகிறது, மூச்சை ஆழமாக இழுக்கும்போது நெஞ்சுக்குள் இழுவிசை உண்டாகிறது. இவ்வளவுதான் அதன் உந்துசக்தி. உடம்பை அசைப்பது ஏன் மருந்தாகிறது என்பதற்குக் காரணமும் இதுவே.

வழியில் ஆங்காங்கே வடிகட்டும் நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த நெறிதான் முடிச்சு. அக்குளில் மட்டும் 20 முதல் 40 வரை இருக்கும். கையிலிருந்து வரும் நிணநீர் பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் போகும், மார்பகத்திலிருந்து வருவதும் அப்படியே. மார்பகப் புற்றுச் செல்கள் முதலில் பரவும் இடமும் அதனால் அக்குள்தான். நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியிருந்தால் நீக்கவும் அறுவை மருத்துவர் அங்கிருந்து முடிச்சுகளை எடுக்கிறார். அதன்மேல் கதிர்வீச்சும் கொடுத்தால் (‘கரண்ட் வைக்கிறது’ என்று நோயாளிகள் சொல்வது) மிச்சமிருக்கும் குழாய்கள் தழும்பேறிச் சுருங்கலாம்.

முடிச்சை எடுத்த எல்லோருக்கும் கை வீங்குவதில்லை. பக்கத்துக் குழாய்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும், புதுப் பாதைகளும் உருவாகும். எத்தனை முடிச்சுகள் போயின என்பது முக்கியம். 2013-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், அக்குள் முடிச்சுகளைக் கூட்டமாக நீக்கியவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்திருந்தது. சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, முதலில் நிணநீர் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. 1990-களில் பரவத் தொடங்கிய இந்தக் ‘காவல் முடிச்சு’ முறை எத்தனையோ பெண்களின் கைகளைக் காப்பாற்றியிருக்கிறது. எல்லோருக்கும் அது பொருந்தாது; ஆனால் ‘எனக்கு அது போதுமா டாக்டர்?’ என்று அறுவைக்கு முன் கேட்பதில் தவறே இல்லை.

உடல் பருமன், அக்குளுக்குக் கதிர்வீச்சு, கையில் வரும் தோல் தொற்று ஆகியவை ஆபத்தைக் கூட்டும். மிச்சமிருக்கும் குழாய்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு தொற்றோ திடீர் எடை கூடுதலோ வந்தால் சமாளிக்க முடியாமல் போய்விடுகிறது. ஐந்து வருடம் ஒன்றுமில்லாத கை ஆறாவது வருடம் வீங்குவது பலருக்கும் புரியாத புதிராக இருக்கும்; விளக்கம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் இதைப் பார்த்ததும் ‘யானைக்கால் மாதிரி இருக்கே, ஒட்டிக்குமோ’ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. யானைக்கால் நோயும் நிணநீர் வீக்கம்தான், ஆனால் அது கொசு கடித்துப் பரவும் புழுவால் வருவது. புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் வீக்கத்தில் கிருமியும் இல்லை, புழுவும் இல்லை. யாருக்கும் ஒட்டாது.

நான்கு நிலைகள்

மருத்துவர்கள் இதை 0 முதல் 3 வரை நிலை பிரிக்கிறார்கள். இதில் பூஜ்ஜியம்தான் நமக்கு மிக முக்கியம்.

பூஜ்ஜிய நிலையில் வடிகால் திணறத் தொடங்கியிருக்கும். வெளியே எதுவும் தெரியாது. கை கனமாக இருப்பது போல, உள்ளே இறுக்கமாக இருப்பது போல, சில நேரம் குறுகுறுப்பு போல இருக்கும். மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ இப்படியே இருக்கலாம். முதல் நிலையில் சாயங்காலம் வீங்கும், கையை உயர்த்தி வைத்துத் தூங்கி எழுந்தால் வற்றிவிடும். கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழும். இரண்டாம் நிலையில் தூங்கி எழுந்தாலும் வற்றாது. நாளாக ஆகக் குழி விழுவதும் குறையும். மூன்றாம் நிலையில் தோல் தடித்து, சொரசொரப்பாகி, கை மிகவும் பெருத்துவிடும்.

குழி விழுவது குறைந்தால் குணமாகிறது என்று நினைத்துவிடக் கூடாது. தேங்கிய நீரில் புரதம் நிறைய இருக்கிறது. அது அங்கேயே கிடந்தால் அழற்சி உண்டாகி, நீர் இருந்த இடத்தில் நாரும் கொழுப்பும் வளர்கின்றன. நீரை அழுத்தி வெளியேற்றலாம். நாரையும் கொழுப்பையும் அப்படி வெளியேற்ற முடியாது. ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

டேப் போதும், ஆனால் நேரத்தோடு எடுக்க வேண்டும்

வளையல் இறங்க மறுப்பது, மோதிரம் கழற்ற சோப்பு தேவைப்படுவது, ஒரு பக்க ரவிக்கைக் கை மட்டும் பிடிப்பது, வாட்ச் பட்டை பதிந்த தடம் வெகுநேரம் மறையாமல் இருப்பது, புறங்கையில் நரம்பும் எலும்பும் முன்பு போலத் தெரியாமல் போவது. இவை எல்லாம் அறிகுறிகள்தான், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டியவைதான். ஆனால் டேப் இதற்கும் முன்பே சொல்லிவிடும்.

எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டிலிருந்து 4 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் சுற்றளவு எடுப்பது வழக்கம். ஓரிடத்தில் சுற்றளவு 26 செ.மீ. என்றால், அந்த 4 செ.மீ. துண்டின் கொள்ளளவு சுமார் 215 மில்லி. சுற்றளவு அரை சென்டிமீட்டர் கூடினால் ஏறக்குறைய 224 மில்லி, அதாவது 4 சதவீதம் அதிகம். முழு ஒரு சென்டிமீட்டர் கூடினால் 8 சதவீதம். கை முழுக்க அரை சென்டிமீட்டர் கூடியிருந்தால் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே கணிசமாக நீர் சேர்ந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க, அறுவைக்கு முந்தைய அளவு கையில் இருக்க வேண்டும். பலருக்கு வலது கையும் இடது கையும் பிறவியிலேயே கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும். பழைய அளவு இல்லாவிட்டால், இப்போது தெரியும் வித்தியாசம் பழையதா புதியதா என்று யாருக்கும் தெரியாது. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, இசிஜி என்று அறுவைக்கு முன் எத்தனையோ எடுக்கிறார்கள். இரண்டு கைகளின் சுற்றளவும் அந்தப் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பத்து நிமிட வேலை. மருத்துவமனையில் எடுக்காவிட்டால் வீட்டிலேயே எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து கையை மேசைமேல் நீட்டி வையுங்கள். மணிக்கட்டு எலும்பிலிருந்து மேல்நோக்கி அக்குள் வரை ஸ்கெட்ச் பேனாவால் 4 செ.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். டேப் தோலில் படிய வேண்டும், தோலை அமுக்கக் கூடாது. இழுத்தால் நீளும் பழைய துணி டேப் வேண்டாம். புறங்கையின் சுற்றளவையும் எடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுப்பது நல்லது, ஏனென்றால் டேப் கொஞ்சம் சாய்ந்தாலே அரை சென்டிமீட்டர் மாறிவிடும். எப்போதும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் எடுத்தால் ஒப்பிட வசதி. மறக்காமல் இரண்டு கைகளையும் எடுக்க வேண்டும். சிகிச்சையின்போது எடை கூடினால் இரண்டுமே பருக்கும். ஒரு கை மட்டும் கூடினால்தான் சந்தேகம். முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துவரலாம்.

எந்த அளவுக்கு மேல் கவலைப்பட வேண்டும்? ஓரிடத்தில் இரண்டு கைகளுக்கும் நடுவே 2 செ.மீ. வித்தியாசம், அல்லது மொத்தக் கொள்ளளவில் 10 சதவீதம் என்பது மருத்துவமனைகளில் நெடுநாளாக இருக்கும் எல்லைக்கோடு. இது தாமதம் என்பதே இப்போது பலரின் கருத்து, என் கருத்தும் அதுவே. அமெரிக்காவின் பெத்தெஸ்டா கடற்படை மருத்துவ மையத்தில் நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், 196 பெண்களுக்கு அறுவைக்கு முன்பே கைகளை அளந்து வைத்தார்கள். பின்னால் கொள்ளளவு 3 சதவீதம் கூடியதுமே அதை ஆரம்ப வீக்கமாக எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் பிடிபட்ட 43 பேருக்குக் கொடுத்த சிகிச்சை, கடையில் கிடைக்கும் சாதாரண அழுத்தக் கையுறை (மேல்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கிப் பிடிக்கும் உறை) மட்டுமே. சராசரியாக நான்கு வாரத்துக்குச் சற்று மேல் அணிந்ததில் சுமார் 48 மில்லி வற்றியது.

சில மருத்துவமனைகளில் பயோஇம்பீடன்ஸ் கருவி இருக்கும். உடம்புக்கே தெரியாத மெல்லிய மின்சாரத்தைக் கை வழியாகச் செலுத்திப் பார்ப்பார்கள். செல்களுக்கு வெளியே நீர் கூடக் கூட மின்தடை குறையும். டேப்பா, இந்தக் கருவியா என்று ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 2022-ல் வெளியானது. இரண்டு பிரிவிலும் ஆரம்ப வீக்கம் தெரிந்தவர்களுக்கு நான்கு வாரம், நாளுக்கு 12 மணி நேரம் அழுத்தக் கையுறை. இவர்களில் அதன் பிறகும் நாள்பட்ட வீக்கமாக முற்றியது கருவிப் பிரிவில் 7.9 சதவீதம் பேருக்கு, டேப் பிரிவில் 19.2 சதவீதம் பேருக்கு. கருவிதான் கூர்மையானது. கிடைக்கிற ஊரில் அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். கிடைக்காத ஊரில் டேப்பும் நோட்டும் இருப்பது, ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

வந்துவிட்டது, என்ன செய்வது?

அழுத்தம்தான் இந்த சிகிச்சையின் அஸ்திவாரம். ஆரம்பத்தில் பிடித்தால் 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் தரும் கையுறையைப் பகலில் போட்டு, இரவில் கழற்றினால் பெரும்பாலும் போதும். அளவெடுத்து வாங்குவது முக்கியம். மணிக்கட்டோடு நிற்கும் உறையால் நீர் புறங்கைக்கு இறங்கினால், உள்ளங்கையை மூடும் பகுதியும் சேர்த்து வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் இதை நாள் முழுக்க அணிவது உண்மையிலேயே கஷ்டம். இரண்டு வாங்கித் துவைத்து மாற்றி மாற்றிப் போட்டால் கொஞ்சம் தாங்கலாம். ஆறு மாதத்தில் இறுக்கம் தளர்ந்துவிடும், புதிதாக வாங்க வேண்டும்.

வீக்கம் முற்றியிருந்தால் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் பல அடுக்குக் கட்டுப் போடுவார். இங்கே ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜை வாங்கி வீட்டில் சுற்றிக்கொள்கிறவர்கள் நிறைய. அது நன்றாக நீளும் துணி. கை சும்மா இருக்கும்போதும் அமுக்கிக்கொண்டே இருக்கும். நிணநீர் வீக்கத்துக்குப் போடுவது குறைவாக நீளும் கட்டு. தசை அசையும்போது மட்டும் அது எதிர்த்து அழுத்தும், ஓய்வில் விட்டுவிடும். நிணநீரை நகர்த்துவது இந்த மாறி மாறி வரும் அழுத்தம்தான். சரியாகச் சுற்றாத கிரேப் கட்டு ஓரிடத்தில் இறுக்கி, அதற்குக் கீழே வீக்கத்தைக் கூட்டிவிடலாம்.

கட்டோடு சேர்த்து, கையால் மெல்ல நீவும் சிகிச்சை ஒன்றும் செய்வார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930-களில் உருவாக்கிய முறை இது. தோலை மட்டும் லேசாக இழுத்து விடும் அளவு அழுத்தம்தான், முதல் முறை பார்ப்பவர்களுக்கு ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். நல்லெண்ணெய் தேய்த்து அழுத்தி நீவி விடுவது இதற்கு நேர் எதிரானது, வேண்டவே வேண்டாம். சூடான ஒத்தடமும் வேண்டாம். அறுவைக்குப் பின் உணர்ச்சி குறைந்த தோல் தெரியாமலே வெந்துவிடும். இந்த மென்மையான முறை தனியாகச் செய்யும் நன்மை குறைவு என்பதும் தெரிந்திருக்கட்டும். அழுத்தத்தைக் கைவிட்டுவிட்டு இதற்கு மட்டும் பணம் கட்டிக்கொண்டிருந்தால் வீக்கம் திரும்பிவிடும்.

நீர் மாத்திரை கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது சிறுநீராகத் தண்ணீரைத்தான் இழுக்கும், புரதம் கையிலேயே தங்கிவிடும். வேறு நோய்க்காக மருத்துவர் கொடுத்திருந்தால் நிறுத்த வேண்டாம், இந்த வீக்கத்துக்காக மட்டும் எடுப்பதில் பயனில்லை.

அழுத்தத்தால் கட்டுப்படாதபோது நுண் அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நிணநீர்க் குழாயைப் பக்கத்துச் சிறு சிரையோடு இணைப்பது ஒன்று, வேறிடத்து முடிச்சுகளை அக்குளுக்கு மாற்றுவது இன்னொன்று. கொழுப்பாக மாறிவிட்ட கைக்கு, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை. அதற்குப் பிறகும் அழுத்தக் கையுறையை வாழ்நாள் முழுக்க அணிய வேண்டும்.

கையை பயன்படுத்தலாமா?

தாராளமாக. ‘அந்தக் கையால ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது’ என்று வருடக்கணக்கில் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் இதை நேராகவே சோதித்தார்கள். 2009-ல் வெளியான அவர்களின் ஆய்வில், ஏற்கெனவே கை வீங்கிய பெண்கள் மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை. எடை தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்கும், தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கும் வீக்கம் திடீரென்று மோசமானது. குறைந்த எடையில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும், வீக்கம் இருப்பவர்கள் அழுத்தக் கையுறையோடு செய்ய வேண்டும். வெறும் நடையும், ஆழ்ந்த மூச்சும், தோளை எல்லாப் பக்கமும் சுழற்றுவதும்கூட உதவும்.

அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது, விமானத்தில் போவது பற்றியும் பயம் அதிகம். பாஸ்டனில் 600-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து அளந்து 2016-ல் வெளியான ஆய்வில், இவற்றுக்கும் வீக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. தோல் தொற்றுக்கும் உடல் எடைக்கும் தெரிந்தது. வசதிப்பட்டால் மற்ற கையைக் கொடுங்கள், அவசரத்தில் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கவனம் முழுவதையும் தோல்மேல் வையுங்கள். வடிகால் குறைந்த கையில் கிருமி புகுந்தால் வேகமாகப் பரவும், ஒவ்வொரு தொற்றும் மிச்சக் குழாய்களையும் கெடுக்கும். எண்ணெய் தெறித்த கொப்புளம், பூக்கட்டும்போது குத்திய முள், மீன் ஆயும்போது கிழித்த செதில், சொறிந்த கொசுக்கடி எதுவானாலும் உடனே கழுவி மருந்து போடுங்கள். சர்க்கரை பார்க்க விரலைக் குத்துபவர்கள் மற்ற கையில் குத்துங்கள். தோல் வெடிக்காமல் தினமும் ஈரப்பதக் களிம்பு தடவுங்கள். கை சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல் அடங்கும் வரை கட்டும் வேண்டாம், நீவலும் வேண்டாம்.

திடீரென்று வலியோடு வீங்கினால், கை மரத்துப் போனால், அக்குளிலோ கழுத்தடியிலோ புதுக் கட்டி தட்டுப்பட்டால் அதை வழக்கமான நீர் வீக்கம் என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். இரத்தக் கட்டியாகவோ நோய் திரும்பியதாகவோ இருக்கலாம்.

கை மட்டுமல்ல

கருப்பைவாய், கருப்பைப் புற்றுநோய்களுக்கு இடுப்புப் பகுதி முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் காலில் வரும். கொலுசும் செருப்புப் பட்டையும் பிடிப்பது ஆரம்ப அடையாளம். இரண்டாவது கால்விரல் தொடங்கும் இடத்தில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பாக எழவில்லை என்றால் நிணநீர் வீக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். பிறப்புறுப்பு, அடிவயிறு வீங்குவதை வெட்கத்தில் மறைக்கிறார்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கழுத்து முடிச்சுகளை எடுத்தவர்களுக்குத் தாடைக்குக் கீழே வீங்கும். கை வீக்கம் சாயங்காலம் கூடும் என்றால் இது காலையில் கூடும், இரவெல்லாம் படுத்திருப்பதால். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தால் குறையும். உள்ளே தொண்டையிலும் வீங்கலாம், விழுங்கச் சிரமமாக இருந்தாலோ குரல் மாறினாலோ உடனே சொல்ல வேண்டும்.

சரி, அறுவை முடிந்து பல வருடம் ஆகிவிட்டது, பழைய அளவே இல்லை என்பவர்கள் என்ன செய்வது? இன்றைக்கு இரண்டு கைகளையும் அளந்து தேதியோடு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அறுவை செய்த பக்கம் மட்டும் இரண்டு மூன்று இடங்களில் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தாலோ, அளவு மாறாமலே கை கனத்துக்கொண்டிருந்தாலோ, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ‘பார்க்க நல்லாத்தானே இருக்கு’ என்று சொன்னால், நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.